எக்ஸை வெட்டிய அத்தான்

அத்தான் எனக்குக் கணக்குச் சொல்லித் தர வந்த இரண்டு மாதத்தை நினைத்தால் இன்றும் எரிச்சல் பற்றிக்கொண்டு வருகிறது. அம்மாவின் அண்ணன் மகன், திற்பரப்புக்காரர். பி.ஏ. வரை படித்தவர். பாஸானாரா என்று குடும்பத்தில் யாரும் கேட்டதில்லை. கேட்பது மரியாதை இல்லை. எங்கள் ஊர் இன்னும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த காலம் அது. நான் நாகர்கோவிலில் இண்டர்மீடியட் இரண்டாம் வருஷம். கணக்கில் முதல் வகுப்பு வாங்கினால் திருவனந்தபுரத்துக்கு பி.எஸ்ஸி. படிக்க அனுப்புவதைப் பற்றி யோசிப்பதாக அப்பா சொல்லியிருந்தார். வாங்காவிட்டால் தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை வேறு யார், இதே அத்தான்தான்.

அந்த மனிதரையே அப்பா எனக்கு வாத்தியாராகப் போட்டார். மீனுக்குப் பூனை காவல். ஆனால் அத்தான் சூது செய்து என்னைத் தோற்கடிக்கப் பார்த்தார் என்று சொன்னால், அது அவருடைய மூளைக்கு நான் கொடுக்கும் வீண் மரியாதை. அவர் மனதார, முழு நம்பிக்கையோடு, தப்பாகச் சொல்லித் தந்தார்.

எக்ஸ் ஸ்கொயர் சமம் ஐந்து எக்ஸ். இதுதான் முதல் நாள் கணக்கு.

"ஏட்டி, ரெண்டு பக்கமும் எக்ஸ் கெடக்குல்லா? வெட்டிப் போடு. எக்ஸ் அஞ்சு. முடிஞ்சு."

"சைபரும் விடையாக்கும் அத்தான். போட்டுப் பாருங்க, ரெண்டு பக்கமும் சரியா வருது. எக்ஸ் சைபரா இருந்தா அதால வகுக்கப்பிடாதுல்லா? பொறவு எப்பிடி வெட்டுவீங்க?"

"சைபர் ஒரு விடையாட்டி? எலையில சைபர் சோறு வெளம்பினா வயிறு நெறயுமா?"

கோட்டாற்றுப் பலசரக்குக் கடையிலிருந்து மத்தியானச் சோற்றுக்கு வந்திருந்த அப்பாவுக்கு இந்த உதாரணம் மிகவும் பிடித்துப்போயிற்று. "படிச்சவன் சொன்னா கேட்டுக்கோ மக்கா" என்றார்.

மறுநாள் அதே கணக்குக்கு கிராஃப். எக்ஸ் ஸ்கொயரில் ஐந்து எக்ஸைக் கழித்து, சைபர் முதல் ஐந்து வரை புள்ளி வைத்தார். பிறகு ஸ்கேலை எடுத்து ஒவ்வொரு புள்ளியையும் அடுத்ததோடு இழுத்து இணைத்தார். வளைந்து இறங்க வேண்டிய கோடு, இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே தட்டையாகி, அடி நசுங்கிய செம்பு மாதிரி உட்கார்ந்திருந்தது. நான் இரண்டரையைப் போட்டுக் காட்டினேன். புள்ளி இன்னும் கீழே போயிற்று. பரீட்சையில் அரையெல்லாம் ஆரு கேக்கப் போறா என்றார். அவர் போட்ட கோடே சைபரில் அச்சைத் தொடுகிறதே, அப்படியானால் அதுவும் விடைதானே என்று அந்த இடத்தில் விரலை வைத்தேன்.

"அது ஆரம்பம்ட்டி. கோடு எங்கயாவது தொடங்கண்டாமா?"

மைனஸ் ஒன்றைப் போட்டால் ஆறு வருகிறது, கோடு இடப்பக்கமும் ஏறிப் போகிறது என்றேன். மைனஸைப் பெண்பிள்ளைகளிடம் கேட்க மாட்டார்கள் என்றார். அதற்கு மேல் நான் வாதாடவில்லை. சுவரோடு முட்டினால் தலைதான் வலிக்கும்.

அவர் போனதும், அவர் எழுதியதையெல்லாம் எண்களை வைத்துச் சரிபார்ப்பேன். எக்ஸ் கூட்டல் மூன்றின் வர்க்கம், எக்ஸ் ஸ்கொயர் கூட்டல் ஒன்பது என்று எழுதியிருப்பார். எக்ஸுக்கு ஒன்றைப் போட்டால் ஒரு பக்கம் பதினாறு, மறுபக்கம் பத்து. நடுவில் இருந்த ஆறு எக்ஸை யார் தின்றது? ஒன்று மட்டும் ஒப்புக்கொள்கிறேன். எங்கெங்கே வழுக்கும் என்பதை ஒரு இடம் விடாமல் விழுந்து காட்ட அவரைப் போல் ஆள் கிடைக்காது.

முதல் வகுப்பு வந்தது. அத்தான் பழக்குலையோடு வந்து, வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் "நான் காட்டின வழியாக்கும்" என்றார். அப்பா இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருந்தார். எங்கள் வீட்டில் யோசிப்பது என்றால் இல்லை என்று அர்த்தம்.

அத்தான் நாலாவது தடவை "நான் காட்டின வழி" என்றபோது அப்பா கையைக் கழுவிவிட்டு வந்தார். "ரெண்டே மாசத்துல இவள இப்பிடி ஆக்கிப்போட்டியே மருமவனே. இனி இவள அடுக்களையில பூட்டினா ஒன் ஒழைப்பு வீணால்லா போவும். திருவனந்தபுரத்துக்கு அனுப்பிருவோம்."

நுணலும் தன் வாயால் கெடும். "நான் சொல்லித் தந்ததெல்லாம் தப்பு மாமா" என்று அத்தான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவருக்குக் கல்யாணம் நடந்திருக்கும், பி.ஏ. மானம் போயிருக்கும். அவர் பி.ஏ.வைக் காப்பாற்றிக்கொண்டார்.

என் பெட்டியை பஸ்ஸில் ஏற்றியதும் அவர்தான். ஜன்னல் ஓரம் வந்து நின்றார்.

"ஏட்டி, அந்தக் கணக்கு பரீட்சையில வந்துச்சா?"

"வந்துச்சு."

"எக்ஸை வெட்டினியா?"

"இல்ல அத்தான். சைபரையும் எழுதினேன்."

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "மாமாகிட்டச் சொல்லிராத" என்றார்.

"சொல்ல மாட்டேன்" என்றேன். "நீங்க தைக்கு முன்னால வேற எடத்துல பொண்ணு பாருங்க."