அம்பத்தூர் பட்டறையில் ஏ ஷிஃப்ட்டும் பி ஷிஃப்ட்டும்

ஞாயிற்றுக்கிழமை மாலை மூன்று மணிக்கு நானும் என் மனைவி கமலாவும் கள்ளிக்குப்பத்திலிருந்து கிளம்பினோம். அம்பத்தூர் தொழிற்பேட்டை ஆறு கிலோமீட்டர்தான். ஆட்டோவுக்கு நூற்று நாற்பது ரூபாய். நாடகம் நாலரைக்கு. இவ்வளவு முன்னதாகக் கிளம்பியதற்கு என் சுபாவத்தைத் தவிர வேறு காரணம் இல்லை. மாத்திரை, தண்ணீர் பாட்டில் இரண்டு, டார்ச், எல்லாம் பையில் இருக்கின்றனவா என்று மூன்று தடவை பார்த்துக்கொண்டேன்.

கமலாவுக்குக் கண் அழுத்த நோயால் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. வெளிச்சமும் நிழலும் தெரியும். படியும் பள்ளமும் தெரியாது. இரண்டு வருடமாக என் கையைப் பிடித்துக்கொண்டுதான் வாசலைத் தாண்டுகிறாள். "படி", "மேடு", "தண்ணி" என்று நான் சொல்லிக்கொண்டே போவேன். இந்தப் பாட்டு நாடகத்துக்குப் போயே தீர வேண்டும் என்றவள் அவள்தான். நடிகர்கள் மேடையில் நிற்காமல் நம் நடுவே நடந்து பாடுவார்களாம். "தூரத்துல மேடை போட்டா எனக்கென்ன தெரியுது? பக்கத்துல வந்தா காதாவது பாக்கும்" என்றாள். தலைக்கு நானூறு ரூபாய் கட்டினேன்.

ஆட்டோக்காரருக்கு நம்பிக்கையே வரவில்லை. "அந்தக் கம்பெனி மூடிக் கெடக்குது நைனா. அங்க இன்னா டிராமா? சேராவது போட்டுக்கீறாங்களா?"

"இல்லையாம். நின்னுக்கிட்டே பாக்கணுமாம்."

"துட்டு குடுத்து நிக்கிறதா? ரேஷன் கடையில சும்மாவே நிக்கலாமே!"

கமலா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றரைக்குப் போய்ச் சேர்ந்தோம். கதவு இன்னும் திறக்கவில்லை, ஜன்னல் வழியாகப் பட்டறைக்குள் பார்த்தேன். கடைசல் இயந்திரங்களை என்றைக்கோ விற்றுவிட்டார்கள். அவற்றைத் தரையோடு பிணைத்திருந்த போல்ட்டுகள் மட்டும் அங்கங்கே நீட்டிக்கொண்டிருந்தன. இருபத்திரண்டு வரை எண்ணினேன். ஒவ்வொன்றின் மேலும் சிவப்புத் தொப்பி மாதிரி ரப்பர் மாட்டியிருந்தார்கள். கழிவறை ஒன்றுதான், சுத்தமாக இருந்தது.

நாலரைக்குக் கதவு திறந்தபோது காக்கிச் சட்டை போட்ட பெண் ஒருத்தி அங்கே நின்றாள். சூப்பர்வைசர் வேஷம். "இன்னா பெர்சு, ஊர்வலமா வர்றே? நீ ஏ ஷிஃப்ட்டு. அம்மா பி ஷிஃப்ட்டு. ஆளுக்கொரு பக்கம் போ!"

கூட வந்தவர்களைப் பிரித்து அனுப்புவதுதான் அங்கே முறை. பட்டறையின் நடுவே நீளக் கம்பிவலை. ஒரு பக்கம் நிற்பவருக்குப் பாதிக் கதைதான் தெரியும்.

"இவளுக்குப் பார்வை கிடையாதும்மா. என் கையை விட்டா விழுந்துடுவா" என்றேன்.

அவள் சட்டென்று வேஷத்தைக் கலைத்துவிட்டுத் தாழ்ந்த குரலில், "சேர்ந்தே போகலாம் சார், ஒண்ணும் பிரச்சினை இல்ல. தனியாப் போனாலும் அம்மாகூட நான் இருப்பேன்" என்றாள்.

"நான் பி ஷிஃப்ட்டுக்கே போறேன்" என்றாள் கமலா. என் கையிலிருந்து அவள் கை நழுவிவிட்டது.

சங்கு ஊதியது. ஒரே இயந்திரத்தில் வெவ்வேறு ஷிஃப்ட்டில் வேலை செய்யும் அக்காள் தங்கை கதை என்று அறிவித்தார்கள். ஏ ஷிஃப்ட்டில் அக்காள் என் தோளை உரசிக்கொண்டு பாடிப் போனாள். நல்ல குரல் என்று எல்லாரும் சொன்னார்கள். நான் இருமிக்கொண்டே கம்பிவலையில் முகத்தை ஒட்டிக்கொண்டு, அந்தப் பக்கம் ஒரு கிளிப்பச்சைப் புடவை எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசிக் காட்சிக்கு முன்னால் பி ஷிஃப்ட்டுக்காரர்கள் ஓர் இரும்பு மேடையில் ஏற ஆரம்பித்தார்கள். கமலா அதை நோக்கிப் போனாள். காக்கிச் சட்டைப் பெண் அரை அடி தள்ளி வந்தாள், தொடவில்லை. எனக்குத் தாங்கவில்லை.

"கமலா! படி! மூணு படி!"

பட்டறை முழுக்க எதிரொலித்தது. பாட்டு ஒரு கணம் நின்றது. மேலேயிருந்த தங்கைக்காரி, நான் கத்திய அதே ஏற்ற இறக்கத்தில், "மூணு படி..." என்று இழுத்தாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒன்று என்று பாடும்போது ஒரு படி, இரண்டு என்னும்போது ஒரு படி. கமலா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூன்றையும் ஏறி நிமிர்ந்து நின்றாள். எல்லாரும் கைதட்டினார்கள். என் மூக்குக்கண்ணாடி மங்கிப்போய் நான் அதைச் சரியாகப் பார்க்கவில்லை.

முடிந்ததும் டீ கொடுத்தார்கள். டீயோடு இரண்டு பக்கத்துக்காரர்களும் கதையை மாற்றிச் சொல்லிக்கொள்ள வேண்டுமாம். தாடி வைத்த ஓர் ஐ.டி. பையன் என் கையைக் குலுக்கி, "செம டைமிங் சார்! எத்தனை வருஷமா இந்த குரூப்ல இருக்கீங்க?" என்றான்.

"நாப்பத்தாறு வருஷமா" என்று கமலாவைக் காட்டினேன்.

கமலா தன் பாதியைச் சொன்னாள். "மெஷின் கைப்பிடின்னு ஒண்ண என் கையில குடுத்தாங்க. சூடா இருந்துச்சுங்க. அக்கா இப்பத்தான் விட்டுட்டுப் போன மாதிரி. தங்கச்சி அதப் புடிச்சுக்கிட்டுத்தான் பாடுறா. சரி, உங்க பக்கம் என்ன நடந்துச்சு?"

"உன் புடவையைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றேன். அந்தத் தாடிக்காரப் பையன்தான் என் பாதியையும் அவளுக்குச் சொன்னான்.

"என்னைப் பாக்கவா நானூறு ரூபா குடுத்தீங்க?" என்றாள். பிறகு, "அடுத்த தடவ கத்தாதீங்க. எங்க நின்னாலும் உங்க இருமல் எனக்குக் கேக்குது. அது போதும்."

வெளியூர் போனால் வீடே தேவலை என்று திரும்புகிறவன் நான். எங்கள் வீட்டில் படி ஒன்றுகூட இல்லாமல் இடித்துச் சமமாக்கி வைத்திருக்கிறேன். அங்கே அவள் விழவில்லை, ஏறவும் இல்லை. முன்பின் தெரியாத அந்தப் பாட்டுக்காரப் பிள்ளைகள் அவளுக்கு மூன்று படி கொடுத்தார்கள். அவர்கள் நன்றாக இருக்க வேண்டும்.

கேட்டுக்கு வெளியே லாரிகள் போய்க்கொண்டிருந்தன. கமலா என் கையைத் துழாவிப் பிடித்தாள்.

"பயமா இருக்கா?" என்றேன்.

"எனக்கென்ன பயம்? உங்களுக்குத்தான் ரோடு தாண்டணும்னா கை நடுங்கும். வாங்க."