பார்க் ரேடியோவில் ஏழே கால் செய்தி

கோமதிநாயகம்தான் தன் உயிரக் காப்பாத்தினாராம். எங்க அண்ணன் நல்லக்கண்ணு சாவுற வரைக்கும் இதத்தான் சொன்னான். பெறவு அவன் மவன் சொன்னான். இப்ப அவன் பேரன் டீக்கடையில நின்னுக்கிட்டு நேர்ல பாத்தவன் மாதிரி கைய ஆட்டி ஆட்டிச் சொல்லுதான். கேக்கும்போதெல்லாம் அந்த வாயில ஒண்ணு போடலாமான்னு எனக்குக் கை பரபரன்னு வரும்.

கோமதிநாயகம் டெல்லி ரேடியோவுல தமிழ்ச் செய்தி வாசிச்சவரு. காலையில ஏழே காலுக்கு அவரு கொரல் வந்தாத்தான் எங்க தூத்துக்குடிக்கே விடிஞ்ச மாதிரி. அவரு சொன்னா மழை பெய்யும், சொல்லலைன்னா பெஞ்சது மழையே இல்ல. அப்படி ஒரு நம்பிக்கை. வீட்டுக்கு வீடு ரேடியோ இல்லாத காலம். பார்க்குல ஒரு சின்ன ரூம்ல ரேடியோவ வச்சு, வெளிய கம்பத்துல ஸ்பீக்கர் குழாய் கட்டியிருக்கும். சனம் புல்லுல உக்காந்து கேக்கும். அந்த ரூம் சாவி எங்கப்பா சொரிமுத்து இடுப்புல.

அப்பா குளிச்சு, சட்டைய மாத்தி, ஒரு துண்டு பனங்கற்கண்ட வாயில ஒதுக்கிக்கிட்டுத்தான் ரேடியோவத் திருப்புவாரு. எதுக்கு இந்தச் சீருன்னு எனக்கு மட்டுந்தான் தெரியும். கடக்கரை ஊரு பாருங்க, செய்தி நடுவுல 'ஙொய்ய்'னு இரைச்சல் வந்து கொரல விழுங்கிரும். சனம் ரூமப் பாத்துக் கல்லெறியும். ஒருநா அப்படி ஒரு கல்லு அப்பா நெத்தியப் பொளந்துட்டு. மறுநாள்லருந்து, இரைச்சல் வந்ததும் அப்பா ரேடியோவ அமத்திட்டு, அதே குழாய்ல தண்ணி வரி அறிவிக்கிற மைக்க எடுத்து, பேப்பர்ல உள்ள சேதிய அச்சு அசல் கோமதிநாயகம் கொரல்ல வாசிச்சிருவாரு. இரைச்சல் போனதும் மறுபடி ரேடியோ. ஒம்பது வருசம், ஒரு பய கண்டுபிடிக்கல.

கண்டுபிடிச்சது அய்யாக்குட்டி. துறைமுகத்துல மூட்டை தூக்க ஆள் விடுற காண்ட்ராக்டருக்கு அடியாளு. நாசமாப் போறவன், எப்ப வந்து சன்னல் வழியாப் பாத்தானோ.

எழுபத்து நாலுல மூட்டை தூக்குறவங்க வேலைநிறுத்தம் பண்ணினாங்க. பத்தொம்பது நாளு. எங்கண்ணன் அதுல முன்ன நிக்குற அஞ்சு பேருல ஒருத்தன். முந்நூறு பேரும் பார்க்குலயே கெடந்தாங்க. இருபதாம் நாளு காலையில நான் அப்பாவுக்குத் தூக்குச்சட்டியில கஞ்சி கொண்டுபோனேன். எனக்குப் பின்னாலயே அய்யாக்குட்டி உள்ள நொழஞ்சு கதவச் சாத்துனான். ஒரு கையில என் சடையச் சுருட்டிப் பிடிச்சான். இன்னொரு கையில இருந்த கத்திய அப்பா தொண்டையில வச்சான்.

"அண்ணாச்சி, கோமதிநாயகம் மாதிரி இத வாசியும். இல்லன்னா ஒம்ம மவள ஒமக்கு முன்னாலயே அறுப்பேன்."

அவன் மேசை மேல போட்டிருந்த காயிதத்துல நாலே வரி. பேச்சுவார்த்தை முடிஞ்சது, கூலி ஏறிட்டு, தொழிலாளிங்க உடனே உப்புக் கிட்டங்கிச் சந்து வழியா, அதான் உப்பு குடோன் சந்து வழியா, வேலைக்குப் போகணும். சந்துக்குள்ள நாப்பது பேரு அருவாளோட நிக்கானுவன்னும், அந்த அஞ்சு பேருல ஒருத்தன்கூட வெளிய வரமாட்டான்னும் அவனே சிரிச்சுக்கிட்டுச் சொன்னான்.

அப்பா பனங்கற்கண்டத் துப்பினாரு. ஏழே காலுக்கு ரேடியோவத் திருப்பாம மைக்கப் போட்டாரு. மொத மூணு வரியும் அப்படியே வாசிச்சாரு. வெளிய முந்நூறு பேரும் ஆன்னு கத்துனது கேட்டுது. நாலாவது வரியில, கொரல் ஒரு இழை அசையாம வாசிச்சாரு: "உப்புக் கிட்டங்கிச் சந்தில் நாற்பது பேர் அரிவாளுடன் காத்திருக்கிறார்கள். தொழிலாளர்கள் அந்த வழியாகச் செல்ல வேண்டாம் என்று எச்சரிக்கப்படுகிறார்கள்."

இதுல என்ன கூத்துன்னா, அய்யாக்குட்டியும் வாயப் பொளந்து செய்தி கேட்டுக்கிட்டு நின்னான்! அந்தக் கொரலுக்கு அவனும் அடிமைதான். வரி முடிஞ்ச பெறவுதான் அவனுக்கு உறைச்சுது. அதுக்குள்ள அப்பா என் இடுப்புல ஓங்கி ஒரு எத்து எத்துனாரு. பிறந்ததுலருந்து என்னைத் தொட்டு அடிக்காத மனுசன். சடை கொத்தாப் பிஞ்சு அவன் கையில போச்சு, நான் மேசைக்கு அடியில போயி விழுந்தேன். அவன் அப்பா தொண்டையில கத்திய இழுத்துட்டான். மைக் மேல, காயிதம் மேல, என் மூஞ்சி மேல ரத்தம். நான் தூக்குச்சட்டியாலயே அவன் மண்டையில போட்டேன். மூணு போடு. சட்டி நசுங்கிட்டு. நெத்தி கிழிஞ்சு கதவ ஒதச்சுத் திறந்து ஓடினான்.

வெளிய கேக்கணுமா? முந்நூறு பேரும் பின்பக்கமாச் சுத்தி வந்து சந்தோட ரெண்டு வாயையும் அடைச்சு, மூட்டை குத்துற கொக்கியால வெளுத்துட்டானுவ. அருவாளோட நின்னவனுவள்ல ரெண்டு பேரு அங்கனயே செத்தானுவ. ஒருத்தன் கை உப்புக் குவியல்ல தனியாக் கெடந்தது. எங்கண்ணன் சட்டையெல்லாம் அடுத்தவன் ரத்தத்தோட, அப்பாவச் சேத்திருந்த ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்து சொல்லுதான், "ஏளா சந்தனமாரி, டெல்லியில இருந்துக்கிட்டே அந்த மனுசன் நம்மளப் பாத்திருக்காருளா!"

சொந்த வீட்ல ரேடியோ வச்சிருந்த ஒண்ணு ரெண்டு பேரு, "நாங்க அப்படி ஒரு சேதி கேக்கலையே"ன்னானுவ. "ஒன் பெட்டியில இரைச்சல் வந்திருக்கும்லே"ன்னு அவனுவ வாய அடைச்சானுவ. அய்யாக்குட்டி ரேடியோவ நிறுத்த வந்தான், சொரிமுத்து தடுத்தாரு, வெட்டுப்பட்டாருன்னு ஊரே முடிவு கட்டிட்டு.

நான் உண்மையச் சொல்லப் போனேன். தையல் போட்ட தொண்டையோட அப்பா சிலேட்டக் கேட்டாரு. 'சொன்னா, ஒம்பது வருசமாக் கேட்டது எதையும் நம்பமாட்டானுவ. கோமதிநாயகத்தையும் நம்பமாட்டானுவ'ன்னு எழுதுனாரு. என் கையப் பிடிச்சு அவரு தலையில வச்சுச் சத்தியம் வாங்கிட்டாரு. அன்னைக்கு எனக்கு வந்த கோவத்துக்கு அந்தச் சிலேட்ட ஒடச்சுப் போட்டேன்.

கொரல் போயே போச்சு. ஆனா ரூம் சாவி அவரு கையிலதான். இரைச்சல் வந்தா இரைச்சலாவே போகும். "சொரிமுத்து, ரேடியோ முன்ன மாதிரி இல்லையேப்பா, ரிப்பேர் பாக்கக் கூடாதா?"ன்னு போறவன் வாரவனெல்லாம் ஏசுவான். அவரு தலைய ஆட்டிக்கிருவாரு. நான் வீட்ல வந்து அழுவேன்.

எழுபத்தொம்பதுல கோமதிநாயகமே ஒரு பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்கு வந்தாரு. அதுக்குள்ள மெட்ராஸ் டிவியில மூஞ்சியோட செய்தி வாசிச்சிட்டிருந்தாரு. எங்க ஊருல எவன் வீட்டுலயும் டிவி கெடையாது, இருந்தாலும் கூட்டத்துக்குக் கொறவில்ல. எங்கண்ணன் மேடையேறி மாலை போட்டு, அழுதுக்கிட்டே அந்த நாலு வரியையும் ஒப்பிச்சான்.

அவரு மைக்குக்கு வந்தாரு. "நீங்க சொல்ற அன்னைக்கு நான் காய்ச்சல்ல படுத்திருந்தேன். அந்தச் செய்திய நான் வாசிக்கல"ன்னாரு.

சனம் சிரிச்சுது. "பெரிய மனுசன் அடக்கத்தப் பாருலே!"ன்னு கை தட்டினானுவ. அதுல ஓங்கித் தட்டினது எங்கப்பா. எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. எழுந்தேன். அப்பா என் மணிக்கட்ட அமுக்கின அமுக்குல வளையல் ஒடஞ்சு குத்திட்டு.

கூட்டம் முடிஞ்சு கோமதிநாயகம் மேடைப் படியிறங்கி வரும்போது சத்தியமாவது ஒண்ணாவது! அப்பா கழுத்துத் துண்ட உருவினேன். "ஐயா, அன்னைக்கு வாசிச்சது இவருதான். ஒங்க கொரல்லதான் வாசிச்சாரு"ன்னேன். அந்த மனுசன் தழும்பையே பாத்துக்கிட்டு நின்னாரு. பெறவு அப்பாவோட ரெண்டு கையையும் பிடிச்சு, காதுக்கிட்டக் குனிஞ்சு, அதே கொரல்ல, மெதுவாச் சொன்னாரு:

"ஆகாசவாணி. செய்திகள். வாசிப்பது சொரிமுத்து."

தொண்டையத் தைக்கும்போது அழாத மனுசன் சத்தமே இல்லாமக் குலுங்கிக் குலுங்கி அழுதாரு.

அதுக்குள்ள எங்கண்ணன் கூட்டத்த முட்டிக்கிட்டு வந்தான். "தள்ளுங்கப்பா, நான் ஐயா கால்ல விழணும்"னு அப்பா நெஞ்சுல கைய வச்சு ஒதுக்கித் தள்ளிட்டு முன்னால போனான்.