வெண்புள்ளி தெரியாத படம்

செவ்வடிகண்ணாடியை வில்லையின் முன் திருகிய பிறகு படக்கருவிக்குள் பார்த்தால் ஏறக்குறைய இருள்தான். ஆகவே முதலில் அக்கண்ணாடி இல்லாமலே காட்சியை அமைத்துக்கொள்ள வேண்டும். குவியத்தைச் சரிசெய்ய வேண்டும். கண் காணாத கடைச்செவ்வொளி குவியும் இடம் சற்று வேறாகையால், வில்லையின் வளையத்தை அதற்கென இட்டிருக்கும் சிவப்புக் குறிவரை நகர்த்த வேண்டும். அதன் பின்னரே, முக்காலி அசையாதவாறு கண்ணாடியைத் திருகி விசையை அழுத்த வேண்டும். படம் பதியும் அந்தக் கால் நொடியில் எதிரே இருப்பவர் எடுப்பவன் கண்ணுக்குத் தெரிவதில்லை. என் தங்கை மகளை நான் எடுத்த படமும் அவ்வாறுதான் பதிந்தது.

செவ்வடிகண்ணாடியைக் கடையில் ரெட் ஃபில்டர் என்பார்கள். நான் வடிகண்ணாடி என்றே எழுதி வருகிறேன். கடலூரில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்ற பின், மஞ்சக்குப்பத்து வீட்டில் புழங்காதிருந்த குளியலறை ஒன்றை இருட்டறையாக்கிக் கறுப்பு வெள்ளைப் படங்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். அந்த ஆண்டு அஞ்சலில் ஒரு புதுவகைப் படச்சுருள் வரவழைத்திருந்தேன். வழக்கமான சுருள் செந்நிறத்தின் கடைக்கோடியில் குருடாகிவிடும்; இதுவோ நம் கண் நின்றுவிடும் எல்லைக்கும் சற்று அப்பால் காணும். வெயிலில் மாட்டினால்கூட ஓரம் வழியே ஒளி கசிந்து முதற்படங்கள் கெடும் என்பதால் நிழலில் வைத்தே மாட்டுவேன். வெறுமனே எடுத்தால் அதற்கும் மற்றச் சுருளுக்கும் பெரிய வேற்றுமை இல்லை. செவ்வடிகண்ணாடியை இட்டால் மட்டும் உலகம் மாறிப்போகும். திருவதிகைக் கோயில் கோபுரத்தை நண்பகலில் எடுத்தேன். வானம் மையாகக் கறுத்து, அருகிலிருந்த வேம்பு சாம்பல் பூத்தது போல் வெளுத்து நின்றது. சிவப்பாக உள்ளவை யாவும் வெண்மையாகும் என்பதையும் அந்தச் சுருளில்தான் கற்றேன். மதிலில் இருந்த காவிப்பட்டையும் வெள்ளைப்பட்டையும் ஒன்றாகிக் கிடந்தன.

சுருளில் இரண்டு படங்கள் எஞ்சியிருந்தன. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சிதம்பரத்தில் மேல வீதிக்குப் பின்னே இருக்கும் தங்கை வீட்டுக்குப் படக்கருவியோடு சென்றேன். தங்கை கணவனை இழந்தவள். ஒரே மகள், முப்பத்தொரு வயது, பெண்கள் பள்ளியில் கணக்கு ஆசிரியை. பன்னிரண்டு வயதில் அவளுக்கு இடப்பக்க உதட்டோரத்தில் ஒரு வெண்புள்ளி தோன்றியது. பின்னர் முகவாய், கழுத்து, விரல் நுனிகள் என்று பரவி நின்றுவிட்டது. உறவினர் அதனோடு குட்டம் என்னும் சொல்லைச் சேர்த்துச் சொல்லும்போதெல்லாம் நான் இடைமறித்துத் திருத்துவேன். இது அந்த நோயும் அன்று, தொற்றுவதும் அன்று என்பேன். சொல்லைத் திருத்துவது என் கடமை என்று எண்ணியிருந்தேன். சொல்லுக்கு உரியவளைப் பற்றி எவ்வளவு எண்ணினேன் என்பது வேறு.

மாடியில் ஒரு நாற்காலியை இட்டு அவளை அமரச் செய்தேன்.

"சிரிக்கலாமா மாமா, கூடாதா?"

"சிரிக்கலாம். ஆனால் நான் சொல்லும் வரையில் அதே சிரிப்பு மாறாமல் இருக்க வேண்டும்."

"வீட்டுக்குள்ளயும் வகுப்புல பேசுற மாதிரியே பேசுறீங்க. எங்கிட்ட படிக்கிற புள்ளைங்ககூட இவ்ளோ பயப்பட மாட்டாங்க, நீங்க பேசுனா எனக்கே எழுந்து நிக்கணும்போல இருக்கு."

அவள் சிரித்தாள். நான் கண்ணாடியைத் திருகி, எதையும் காணாமல் விசையை அழுத்தினேன்.

என்ன பதியும் என்று அறியாமலே எடுத்தேன் என்று பின்னர்ப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது முழு உண்மையன்று. தோலின் கருமை செவ்வொளியின் கடைக்கோடியில் மெலிந்துவிடும் என்று நான் படித்திருந்தேன். எஞ்சிய இரண்டு படங்களையும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எடுத்திருக்கலாம். இரண்டுக்குமே கழற்றவில்லை.

இருட்டறைச் சிவப்பு விளக்கின் கீழ், நீர்மத்துக்குள் இட்ட அச்சுத்தாளில் அவள் முகம் மெல்ல எழுந்து வந்தது. மாநிற முகம் மாவுபோல் வெளுத்திருந்தது. உதடுகள் நிறமிழந்திருந்தன. நெற்றியில் குங்குமம் இல்லை, அதுவும் சிவப்பல்லவா? கண்கள் மட்டும் ஆழக் கறுத்திருந்தன. உதட்டோரத்திலும் முகவாயிலும் கழுத்திலும் ஒரு புள்ளியும் இல்லை. எனக்கு உண்டான உணர்ச்சி மகிழ்ச்சிதான். எழுதக் கூசினாலும் எழுதத்தான் வேண்டும்.

அடுத்த வாரம் படத்தைத் தங்கையிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மகள் பள்ளிக்குப் போயிருந்தாள். தங்கை அதைக் கண்ணருகே கொண்டுவந்து பார்த்தாள். பிறகு, "அண்ணே, இது எம் பொண்ணா?" என்றாள். புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மீண்டும் பார்த்தாள்.

"எல்லாம் சரியா இருக்குண்ணே. நெத்திதான் மொட்டையா கெடக்கு. பொட்டில்லாத பொண்ணை யாருக்குக் காட்டுறது?"

மகளின் மேசையிலிருந்து ஒரு கறுப்பு எழுதுகோலை எடுத்துவந்து, படத்தின் நெற்றியில் வட்டமாக ஒரு பொட்டு இடப் போனாள். யாருக்குக் காட்டப் போகிறாய் என்று நான் கேட்கவில்லை.

"சற்று மேலே," என்றேன்.

அவள் சற்று மேலே இட்டாள்.

அப்போது பெண்ணாடம் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. மாப்பிள்ளை வேறொரு ஊரில் பொறியாளர். அதற்கு முன் வந்த மூன்று இடங்கள் வெண்புள்ளியைச் சொன்ன மாத்திரத்தில் நின்றுபோயிருந்தன. "எடுத்த எடுப்புலயே சொல்லித் தொலைக்காதடி, பேச்சு ஒரு நெலைக்கு வரட்டும்," என்பது தங்கையின் மன்றாட்டு. மகள் மறுமொழி சொல்வதில்லை. ஆயினும், அந்த இளைஞர் கைப்பேசியில் அவளோடு முதன்முதல் பேசிய நாளிலேயே அவள் சொல்லிவிட்டிருந்தாள். அவர் தம் தாயிடம் சொன்னார். தாய் சில நாள் முரண்டி, இறுதியில் இசைந்திருந்தார். இவையெல்லாம் தங்கைக்குத் தெரியாது; எனக்கும் பின்னரே தெரிந்தது. பெண்ணின் படம் ஒன்று அனுப்புங்கள், உறவினரிடம் காட்ட வேண்டும் என்று பிள்ளையின் தாய் கேட்டபோது, தங்கை நான் எடுத்த படத்தையே கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பிவிட்டாள்.

அன்று மாலையே அந்த அம்மையார் அழைத்தார். அவர் சொன்னதைத் தங்கை அழுதுகொண்டே என்னிடம் ஒப்பித்தாள்.

"பொண்ணு வெளிப்படையா சொல்லுச்சேன்னுதான் நான் ஒத்துக்கிட்டேன். இப்ப தொடச்சு வச்ச மாதிரி ஒரு போட்டோ அனுப்புறீங்க. அது சொன்னது பொய்யா, நீங்க அனுப்புனது பொய்யா? கல்யாணத்துக்கு முன்னாடியே இவ்ளோ மறைக்கிற குடும்பத்துல வேற என்னென்ன மறைச்சு வச்சிருக்கீங்களோ."

தங்கை தேம்பினாள். "அவ சொல்லிட்டான்னு எனக்கு யாருண்ணே சொன்னா? தெரிஞ்சிருந்தா நான் ஏன் அந்தப் படத்தைத் தொடப்போறேன்?"

பிழை என்னுடையது, நானே விளக்கிவிடுகிறேன் என்று எண்ணைப் பெற்றுப் பெண்ணாடத்துக்கு அழைத்தேன். வாழ்நாள் முழுதும் விளக்கிப் பழகியவன் அல்லவா? அந்த அம்மையாரிடம் படச்சுருளின் இயல்பைச் சொன்னேன். செவ்வடிகண்ணாடி தோலின் நிற வேற்றுமையைத் தானே அழித்துவிடும், யாரும் எதையும் துடைக்கவில்லை என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பொறுமை எனக்கு ஊக்கமளித்தது. சான்று காட்ட விரும்பி, "செந்நிறப் பொருள் எதுவும் இதில் தெரியாது அம்மா. நெற்றிக் குங்குமம்கூட மறைந்துவிடும்," என்றேன்.

கைப்பேசியில் ஏதோ தட்டும் ஓசை கேட்டது. படத்தை எடுத்துப் பார்த்திருப்பார்.

"பொட்டு நல்லாத் தெரியுதே சார்," என்றார். "கறுகறுன்னு தெரியுது."

தங்கை எழுதுகோலால் இட்ட பொட்டு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"நீங்க வாத்தியாரு. நல்லா பேசுறீங்க. இதுக்கு மேல நான் என்ன கேக்கறது? வச்சிடட்டுமா?"

சினந்து பேசியிருந்தால் எனக்கு ஓரளவு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் குரலில் சினம் இல்லை. அந்த இளைஞர் அதன்பின் என் மருமகளை அழைக்கவில்லை. அம்மாவை மீற முடியவில்லை, மன்னிக்கவும் என்று ஒரு வரி மட்டும் அனுப்பியிருந்தாராம்.

பத்து நாள் கழித்து, ஒரு காலைப்பொழுதில் அவள் தனியாகப் பேருந்தேறி மஞ்சக்குப்பம் வந்தாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தாள். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன்.

"அதெல்லாம் விடுங்க மாமா. அந்தப் படத்தோட நெகட்டிவ் இருக்கா?"

கிழித்தெறியக் கேட்கிறாள் என்று எண்ணி, உறையோடு எடுத்து, கத்தரிக்கோலையும் உடன் வைத்தேன். அவள் கத்தரிக்கோலைத் தொடவில்லை. எதிர்ப்படச் சுருளைச் சன்னல் வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்துக் கூர்ந்து பார்த்தாள்.

"இதுலேர்ந்து இன்னொரு தடவை போடலாம்ல? கொஞ்சம் டார்க்கா. புள்ளியெல்லாம் தெரியுற மாதிரி."

எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"அவருக்கு அனுப்பணும் மாமா. அதே படம், அதே சிரிப்பு. கண்ணாடி பண்ணுன வேலைதான், நான் ஒண்ணும் மறைக்கலன்னு தெரியட்டும். கல்யாணம் வேணாம். அவரு என்னைப் பொய் சொன்னவன்னு நெனச்சுக்கிட்டு இருக்கக் கூடாது. அவ்ளோதான்."

இருட்டறையில் ஒரு படத்தைக் கறுக்கச் செய்யலாம், வெளுக்கச் செய்யலாம், மங்கிய மேகத்தை மீட்டெடுக்கலாம். அதற்கான தாள்களும் முறைகளும் என்னிடம் இருந்தன. ஆனால் சுருளில் பதிந்ததைத்தான் மீட்க முடியும். அந்தக் கால் நொடியில் அவள் முகத்துப் புள்ளிக்கும் அதைச் சூழ்ந்த தோலுக்கும் இடையே அந்தச் சுருள் வேற்றுமை எதையும் காணவில்லை. எவ்வளவு கறுப்பாக அச்சிட்டாலும் முகம் முழுதும் ஒன்றுபோலக் கறுக்குமேயன்றி, புள்ளி தோன்றாது.

"இதில் இல்லையம்மா," என்றேன். "பதியவே இல்லை."

"இதுலயும் இல்லியா?"

"இல்லை."

இன்னொரு படம் இப்போதே எடுத்துத் தருகிறேன், கண்ணாடி இல்லாமல், வெறும் வெயிலில், உள்ளது உள்ளபடி எடுத்துத் தருகிறேன் என்று படபடத்தேன். படக்கருவியைக் கையில் எடுத்தும் விட்டேன்.

"புதுசா எடுத்து அனுப்புனா, மாட்டிக்கிட்டதுக்கு அப்புறம் எடுத்ததுன்னுதான் சொல்லுவாங்க," என்றாள். அவள் கணக்கு ஆசிரியை. அதில் பிழை காண எனக்கு வழியில்லை.

நான் போட்டுத் தந்த காப்பியைக் குடித்து, தம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தாள். எதிர்ப்படச் சுருளை உறையிலிட்டு மேசைமேல் வைத்துவிட்டாள். பேருந்து நிலையம் வரை உடன் நடந்தேன். அவள் தன் முகத்தைப் பொதுவெளியில் மறைத்து நான் அதுவரை கண்டதில்லை. பள்ளியிலும் கடைத்தெருவிலும் நிமிர்ந்தே நடப்பவள். சிதம்பரம் பேருந்தில் சன்னலோரமாக அமர்ந்தவள், பக்கத்தில் ஒரு பெண்மணி வந்து உட்கார்ந்ததும், துப்பட்டாவை மூக்குக்குக் கீழ்வரை இழுத்து, உதட்டோரத்தை மூடிப் பிடித்துக்கொண்டாள். தூசிக்காக இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். வண்டி இன்னும் கிளம்பவே இல்லை.