அளவு வண்டியில் ஏறியவள்

அந்தக் கடைக்குள் வருகிற ஒருவரும் உண்மை சொல்ல வருவதில்லை என்பது அவளுடைய முடிவு. கிழிந்த ஜாக்கெட்டைக் கொண்டுவந்து மேஜைமேல் போடுவார்கள். "எப்படி விழுந்தீங்க?" என்று கேட்பாள். "நாய் குறுக்க வந்துடுச்சுக்கா" என்பார்கள். ஊரில் இருக்கிற நாய்களெல்லாம் வேறு வேலை வெட்டி இல்லாமல் வண்டிக்குக் குறுக்கே ஓடிக்கொண்டிருப்பதாகவே வைத்துக்கொண்டாலும், இவர்கள் சொல்கிற கணக்குக்கு நாய்கள் பற்றாது.

மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் போட்டுக்கொள்ளும் தடித்த ஜாக்கெட், கால்சட்டை, கையுறை, இவற்றைத் தைப்பதும் பழுது பார்ப்பதும் அவள் தொழில். அதற்கு முன்னால் வண்டி சீட்டுக்கு உறை தைத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் ஒருவன் தோள்பட்டை கிழிந்த ஜாக்கெட்டை நீட்டி, "சீட் தைக்கிற ஊசி இதுல இறங்குமாக்கா?" என்று கேட்டான். இறங்கியது. அன்றைக்குப் பிடித்த வேலைதான்.

விழுந்த கதையைக் கேட்காமல் ஊசியில் நூல் கோக்க மாட்டாள். அதனால் தெருவில் அவளுக்குப் போலீஸக்கா என்று பெயர். கதையைக் கேட்பாளே ஒழிய நம்ப மாட்டாள். துணியைத்தான் நம்புவாள். தார் ரோட்டில் வழுக்கிப் போன துணியில் கோடுகள் ஒரே திசையில் ஓடும், சூட்டில் நூலின் முனை உருகிக் கட்டியாகியிருக்கும். "மெதுவாத்தான் போனேன்" என்று சத்தியம் செய்கிறவனின் ஜாக்கெட் முதுகில் அந்தக் கட்டியைத் தடவிப் பார்த்துவிட்டு, "மெதுவாப் போறவன் நூல் உருகாதே தம்பி" என்பாள். அவன் திருதிருவென்று விழிப்பான்.

ஹெல்மெட் விஷயத்தில் இன்னும் மோசம். உள்பஞ்சு மாற்றித் தரச் சொல்லி வருவார்கள். கீழே விழுந்து அடி வாங்கிய ஹெல்மெட் என்று தெரிந்தால் தொட மாட்டாள். "வெளியில ஒரு கோடுதானேக்கா" என்பார்கள். "உள்ள இருக்கிற தெர்மாகோல் ஒரு அடியைத்தான் வாங்கும். வாங்கிடுச்சு. இனிமே இது தொப்பி" என்று திருப்பிக் கொடுத்துவிடுவாள். வாங்கிக்கொண்டு போகிறவன் குப்பையில் போடப் போவதில்லை, தம்பிக்குக் கொடுக்கப் போகிறான் என்கிற சந்தேகத்தில் வாசல்வரை எட்டிப் பார்ப்பாள்.

கடை நடுவில் அளவு வண்டி நிற்கும். இன்ஜின் இல்லாத பழைய மோட்டார் சைக்கிள், இரும்புக் கால்மேல் வெல்டிங் வைத்து நிறுத்தியது. ஹேண்டில், கிளட்ச், பிரேக், டேங்க் எல்லாம் உண்டு. நிற்கிறவனுக்கு அளவெடுத்து ஜாக்கெட் தைத்தால் அவன் வண்டியில் உட்கார்ந்ததும் கை மேலே ஏறிவிடும், முதுகு தூக்கிக்கொள்ளும், முழங்கையைக் காக்க வேண்டிய பேட் எங்கேயோ போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் யாராக இருந்தாலும் அதில் ஏறி, ஓட்டுகிற மாதிரி உட்கார வேண்டும். அப்புறம்தான் டேப்பை எடுப்பாள்.

இப்படி ஊரில் பாதிப் பேருக்குக் கவசம் தைத்துக் கொடுத்தவள் சொந்த மகளை மட்டும் வண்டிப் பக்கமே விடவில்லை. மகளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. இரண்டு பஸ் மாறிப் போய் வருகிறாள். "ஒரு வண்டி ஓட்டக் கத்துக்கறேம்மா" என்று கேட்டபோது, மேஜைமேல் கிடந்த ஒரு ஜாக்கெட்டின் கிழிந்த கையை விரித்துக் காட்டினாள். "இதுக்குள்ள இருந்த கை இப்போ எப்படி இருக்குன்னு போய்ப் பாரு. அப்புறம் வந்து கேளு." மகள் அதற்குப் பிறகு கேட்கவில்லை. ஒரேயடியாகக் கேட்காமல் விட்டது அவளை உறுத்தியிருக்க வேண்டும், உறுத்தவில்லை. வெளியாட்களைச் சந்தேகப்பட்டே அவளுக்குப் பொழுது போய்விட்டது.

அவள் கணவர் மருந்து மொத்த வியாபாரக் கிடங்கிலிருந்து கடைகளுக்குப் பெட்டி கொண்டு போகிறவர். வண்டியிலேயே வாழ்க்கை. வாய் நிறையப் பேசுவார், பொய் மட்டும் வராது. அதனால்தான் அன்று அவர் ஜாக்கெட்டைக் கொண்டுவந்து மேஜைமேல் போட்டுவிட்டு, "நாய் குறுக்க வந்துடுச்சும்மா" என்றதும் அவள் கத்தரியைக் கீழே வைத்தாள்.

"உங்களுக்குமா?" என்றாள்.

"ஏன், நாய் ஆள் பாத்தா வரும்?"

"எங்க அடி?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. கால்ல லேசா." இரண்டு அடி நொண்டிக் காட்டினார். வலது கால். சாயங்காலம் வீட்டில் தண்ணீர் எடுக்கப் போனபோது இடது காலை இழுத்துக்கொண்டு நடந்தார். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் சுதாரித்துக்கொள்வார்.

மறுநாள் கடையில் தனியாக இருக்கும்போது ஜாக்கெட்டை விளக்கடியில் பிரித்துப் போட்டாள். அவளே தைத்தது. அதில் ஒவ்வொரு தையலும் அவளுக்கு மனப்பாடம். இடது கையில் சிராய்ப்பு. அவர் போட்டால் முழங்கை எங்கே வருமோ அந்த இடத்தில் இல்லை, அதற்கு மேலே இருந்தது. பேட் மேல் ஒரு கீறலும் இல்லை. அது கீழே நழுவி, வெறும் துணி ரோட்டில் தேய்ந்திருக்கிறது. உள்பக்கம் திருப்பினாள். தேய்ந்த இடத்தில் காய்ந்துபோன ரத்தம். கணவர் முந்தின நாள் இரவு கையில்லாத பனியனோடுதான் உட்கார்ந்திருந்தார். அவர் முழங்கையில் ஒரு கீறல்கூட இல்லை.

மணிக்கட்டுப் பக்கம் பார்த்தாள். கை இரண்டு மடிப்பு மடிக்கப்பட்டிருந்தது. பிரித்துவிட்டிருக்கிறார்கள், ஆனால் மடிப்புக்குள் தார் மண் அப்படியே இருந்தது. மடித்துப் போட்டுக்கொண்டுதான் விழுந்திருக்கிறார்கள். இடுப்பு வாரைப் பார்த்தாள். கணவருக்கு எப்போதும் முதல் ஓட்டைதான். வாரின் கடைசி ஓட்டையில் புதிதாக அழுத்தம் விழுந்திருந்தது.

குட்டைக் கை. ஒடுங்கின இடுப்பு. ஒரு பெண்.

ஜாக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். இத்தனை வருஷம் ஊர்க்காரர்கள் சட்டையைத் துருவித் துருவிப் பார்த்ததற்கு, சொந்தப் புருஷன் சட்டை வந்து மாட்டியிருக்கிறது. யாருக்குத் தன் ஜாக்கெட்டைக் கழற்றிக் கொடுத்தார்? யாருக்காகப் பொய் சொல்கிறார், அதுவும் பொய்யே வராத மனுஷன்? அழலாம் என்று பார்த்தாள், அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

பக்கத்து டயர்க் கடைக்காரர் காற்றடிக்கிற குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். "தம்பி, நம்ம வீட்டுக்காரரை வெளியில எங்கயாச்சும் பாத்தீங்களா, இந்த ரெண்டு மூணு நாள்ல?" என்று ஏதோ சும்மா கேட்பதுபோல் கேட்டாள்.

அவர் குழாயை மறுபடி பிரித்து மறுபடி சுருட்டினார். "பாக்கலையேக்கா."

"பொய் சொன்னா உங்களுக்குக் காது சிவக்குது."

"ஐயோ, எனக்கெதுக்குக்கா வம்பு." குழாயைக் கீழே போட்டார். "மூடிக்கிடக்கிற மில்லு இருக்குல்ல, அதுக்குப் பின்னாடி ரோட்டுல. தூரத்துல பாத்தேன். கூட ஒரு பொண்ணு. ஹெல்மெட் போட்டிருந்துச்சு, மூஞ்சி தெரியல. நானா எதுவும் சொல்லல, நீங்க கேட்டீங்க."

அன்று இரவு சாப்பிடும்போது அவள் மகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா இப்பல்லாம் லேட்டா வர்றாரே, கவனிச்சியா?" என்றாள். "வேலை ஜாஸ்திம்மா, பாவம்" என்று மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. ஓஹோ, இவளும் கூட்டு. அப்பனுக்கும் மகளுக்கும் தெரிந்த விஷயம், தனக்கு மட்டும் தெரியவில்லை. ஒருத்தி வீட்டை உடைக்க வந்திருக்கிறாள், பெற்ற மகளே கதவைத் திறந்துவிட்டிருக்கிறாள் என்று அவள் படுக்கையில் புரண்டு புரண்டு முடிவு கட்டினாள். கணவர் நிம்மதியாகக் குறட்டை விட்டதுதான் அதைவிட எரிச்சலாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகளைக் கடைக்கு வரச் சொன்னாள். அந்தப் பெண் எப்படி இருப்பாள் என்று உருவத்தில் பார்த்துவிட வேண்டும் என்பது அவள் எண்ணம். குட்டைக் கை, ஒடுங்கின இடுப்பு என்று மனசுக்குள் அளவு வைத்துக்கொண்டு தவிப்பதைவிட, ஒரு உடம்பில் மாட்டிப் பார்த்தால் ஆள் பிடிபடுவாள். மகளை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு, இது யாருக்குச் சரியாக இருக்கும் என்று கேட்டால் குட்டு வெளியாகிவிடும்.

"ஒரு பொண்ணுக்கு அளவு பாக்கணும். அப்பா ஜாக்கெட்டைப் போட்டுட்டு வண்டியில ஏறு."

"எனக்கு வேலை இருக்கும்மா."

"ஞாயித்துக்கிழமை என்ன வேலை? ஏறு."

மகள் ஜாக்கெட்டை வாங்கினாள். வலது கையை முதலில் விட்டாள். இடது கையை மெல்ல மெல்ல, துணி தோலில் படாமல், பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே நுழைத்தாள். அளவு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். தாய் குனிந்து, பழைய மடிப்பின்மேலேயே கையை மடித்துவிட்டாள். ஒரு மடிப்பு, இரண்டு மடிப்பு. மணிக்கட்டில் கச்சிதமாக வந்து நின்றது. வாரை இழுத்தாள். கடைசி ஓட்டை.

ஊரில் ஒடுங்கின இடுப்புள்ள பெண்கள் எத்தனையோ பேர் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு ஹேண்டிலைப் பார்த்தாள்.

வண்டி ஓட்டத் தெரியாதவர்கள் அதில் ஏறினால் சைக்கிளைப் பிடிப்பதுபோல் நாலு விரலையும் சுற்றிக் கெட்டியாகப் பிடிப்பார்கள், காலைத் தொங்கவிடுவார்கள். மகளின் இடது கையில் இரண்டு விரல்கள் கிளட்ச்மேல் தாமாகவே போய் அமர்ந்திருந்தன. வலது கையில் இரண்டு விரல்கள் பிரேக்மேல். இரண்டு முட்டிகளும் டேங்கை அணைத்திருந்தன. இடது பாதம், இல்லாத கியரைத் தேடி நுனியைத் தூக்கி வைத்திருந்தது. அளவெடுக்க வருகிற எத்தனையோ ஓட்டிகளிடம் அவள் பார்த்த பாதம் அது.

மகளும் தன் விரல்களைப் பார்த்தாள். எடுத்துவிட நேரமில்லை.

அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி. அப்பாடா, வேறு யாரும் இல்லை, என் மகள்தான், என்று நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. இறங்கின பாரம் தரையைத் தொடுவதற்குள் உள்பக்கத்தில் பார்த்த ரத்தம் ஞாபகம் வந்தது. பெற்ற பெண் ரோட்டில் தேய்ந்திருக்கிறாள் என்று தெரிந்ததும் தான் சந்தோஷப்பட்டதை நினைத்து அவளுக்கு அவமானமாக இருந்தது. அந்த ஒரு நொடியை யாரிடமும் சொல்ல முடியாது.

"கழட்டு" என்றாள்.

மகள் கழற்றினாள். முழுக்கைச் சட்டையை மேலே ஏற்றினாள். நாலைந்து நாளாக இந்த வெயிலில் முழுக்கை, அது தன் கண்ணில் படவில்லை. போலீஸக்காவாம். முழங்கையில் கட்டு, கட்டின் ஓரத்தில் மஞ்சள் மருந்து, அதற்குக் கீழே தோல் போய்ச் சிவந்த சதை.

"எப்படி விழுந்த?" என்று கேட்டாள். தினமும் கேட்கிற கேள்விதான். குரல்தான் வேறு யாருடையதோ போல வந்தது. நாய் என்று சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

"திரும்பும்போது மணல் இருந்துச்சும்மா. பயந்து போய் முன் பிரேக்கைப் பிடிச்சிட்டேன். வண்டி வழுக்கிடுச்சு." மகள் மூக்கை உறிஞ்சினாள். "நாய் எதுவும் வரல. தப்பு என்னோடதுதான்."

இந்த மேஜைக்கு முன்னால் இப்படி ஒருத்தரும் சொன்னதில்லை.

"வேகமாப் போனியா?"

"இல்ல. அப்பா ஓரமா நின்னு பாத்துட்டேதான் இருந்தாரு. அப்பாவைத் திட்டாத. நான்தான் கெஞ்சினேன். ஜாக்கெட்டும் அவராத்தான் கழட்டிப் போட்டுவிட்டாரு. பெருசா இருந்தாலும் பரவாயில்ல, அம்மா தைச்சது, ஒண்ணும் ஆகாதுன்னாரு."

அதுதான் அவளைச் சாய்த்துவிட்டது. ஊரான் பிள்ளைகளுக்கெல்லாம் உட்காரவைத்து, கையை மடக்கவைத்து, பேட் நழுவாமல் தைத்துக் கொடுத்தாள். இவளுக்கு ஒரு தையல் போடவில்லை. போட்டுக் கொடுத்தால் ஓட்டிவிடுவாளே என்று பயந்து போடவில்லை. பெரிய சட்டைக்குள் பேட் நழுவின இடத்தில் இவள் தோல் போயிருக்கிறது. அவள் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு அழுதாள். மகள் அளவு வண்டியிலிருந்து இறங்கவும் தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்து மதியச் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு கணவர் உள்ளே வந்தார். வண்டிமேல் மகளையும், அழுகிற மனைவியையும், மேஜைமேல் ஜாக்கெட்டையும் பார்த்தார். என்ன நினைத்தாரோ, பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நொண்ட ஆரம்பித்தார்.

"எந்தக் காலுன்னு முதல்ல முடிவு பண்ணுங்க" என்றாள் அவள், முந்தானைக்குள்ளிருந்தே.

அவர் நின்றுவிட்டார். "நான் சொல்லிடலாம்னுதான் இருந்தேன்."

"உங்ககிட்ட அப்புறம் பேசிக்கிறேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். மகளின் தோளை அளந்தாள், முதுகை அளந்தாள், வலது கையை மடக்கி அளந்தாள். இடது கைக்கு வந்ததும் டேப்பைக் கட்டின்மேல் வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துவிட்டாள்.

"கட்டோட அளந்தா லூசாப் போயிடும். மறுபடி பேட் நழுவும். இது ஆறட்டும்."

"ஆறினதும் தைச்சுத் தருவியாம்மா?"

"தைச்சுத் தர்றேன். அதுவரைக்கும் வண்டியைத் தொட்டா இருக்கு உனக்கு." கொஞ்சம் யோசித்தாள். மகள் முகத்தைச் சந்தேகமாகப் பார்த்தாள். "தொட மாட்டேன்னு சொல்லு."

"தொட மாட்டேன்மா."

அவள் அதை நம்பினாள். பிறகு கணவரிடம் கையை நீட்டி, "வண்டிச் சாவியை இங்க குடுங்க. ஆறுற வரைக்கும் நீங்க பஸ்ல போங்க" என்றாள்.