பெரிய லோடுக்குக் கட்டிய காப்பு

அருப்புக்கோட்டையில் சங்கையா என்று கேட்டால் எந்தச் சங்கையா என்பார்கள். பெர்மிட்டு சங்கையா என்றால் பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர் முதற்கொண்டு வழி காட்டுவார். மில்லுக்கு வரும் பாய்லரோ, பாக்டரிக்கு வரும் உருளையோ, ரோட்டை அடைத்துக்கொண்டு எந்தச் சாமான் வந்தாலும், அது ஊருக்குள் நுழையுமுன் அதற்கு அனுமதி வாங்கி, எந்தத் தெருவில் திரும்பும், எந்தப் பாலம் தாங்கும் என்று பார்த்து வைப்பது அவர் வேலை. லாரி புக்கிங் ஆபீஸில் பருத்திப் பொதிக்குச் சீட்டுப் போட்டுக்கொண்டிருந்த மனிதரை, "ஒனக்கு வாயும் இருக்கு, பொறுமையும் இருக்கு" என்று சொல்லி ராஜகுரு என்ற பெரிய லாரி முதலாளி இந்த வேலைக்கு இழுத்துவிட்டார். வாய் இருந்தது. பொறுமையைத்தான் ஆபீஸ் ஆபீஸாகக் கொண்டுபோய்த் தொலைத்தார்.

எண்பத்தெட்டாம் வருசம் வந்த லோடு மட்டும் அவருக்கு மற்ற லோடு மாதிரி இல்லை. திருச்சுழிப் பக்கத்து சப்ஸ்டேஷனுக்கு ஒரு பெரிய டிரான்ஸ்பார்மர் வந்தது. சங்கையாவின் சொந்த ஊரும் அந்தப் பக்கம்தான். அங்கே கிணற்றடியில் அவர் மனைவி பொன்னுத்தாய் கோடைப் பருத்தி போட்டிருந்தாள். கிணற்றில் தண்ணீர் கிடந்தது. அந்தக் காய்ந்த பூமியில் அதுவே பெரிய விசயம். ஆனால் கரண்டில் சத்து கிடையாது. மோட்டாரைப் போட்டால் உறுமும், சூடேறும், புகையும், தண்ணீரை மட்டும் இழுக்காது. வீட்டுக் குண்டு பல்பு, உள்ளே கம்பி சிவந்திருப்பதைப் பார்த்துத்தான் எரிகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். இந்த டிரான்ஸ்பார்மர் வந்து உட்கார்ந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஊரே பேசிக்கொண்டது.

"ஊரான் மில்லுக்கெல்லாம் என்னென்னமோ கொண்டாந்து எறக்குறீக" என்றாள் பொன்னுத்தாய். "இத மட்டும் சித்திரைக்குள்ள எறக்கிக் குடுத்துருங்க. செடி முழங்கால் ஒசரம் வந்திருச்சு. இப்பத் தண்ணி இல்லைன்னா அம்புட்டும் போச்சு."

"எறக்கிருவோம்" என்றார் சங்கையா. எந்தத் தைரியத்தில் சொன்னாரோ.

அதற்குப் பிறகு அவர் அலைந்த அலைச்சலை நினைத்தால் நமக்கே கால் வலிக்கிறது. ரோட்டு ஆபீஸில் போலீஸ் அனுமதியைக் கொண்டுவா என்றார்கள். போலீஸில் ரோட்டு ஆபீஸ் அனுமதி எங்கே என்றார்கள். முனிசிபாலிட்டியில் இரண்டையும் கொண்டுவா, அப்புறம் பேசலாம் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். இதெல்லாம்கூடப் பழக்கந்தான். வயிற்றெரிச்சல் எதில் என்றால், ரோட்டுக்குக் குறுக்கே போகிற கரண்டுக் கம்பிகளை நிறுத்தித் தூக்கிவிடக் கரண்டு ஆபீஸில் கேட்கப் போனால், "என்ன சாமான் போகுது?" என்று கேட்டார்கள்.

"ஒங்க டிரான்ஸ்பார்மர்தான் சார்."

"அது வேற செக்சன். நாங்க லைன் செக்சன். அவுக எங்களுக்கு எழுதணும்."

அவர்கள் உட்கார்ந்திருந்தது அடுத்த அறை. நடுவே ஒரு தட்டிதான் மறைப்பு. அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். ஆனாலும் அங்கிருந்து இங்கே எழுத்து வந்துசேர அது மதுரைக்குப் போய்த்தான் திரும்ப வேண்டியிருந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே எத்தனை பூசாரி என்றே சங்கையாவுக்குக் கணக்குத் தெரியவில்லை.

ஊருக்குள் பாதை பார்ப்பது இன்னொரு கூத்து. லோடு உயரத்துக்கு ஒரு மூங்கிலை வெட்டி, ஜீப்பில் நட்டக்குத்தலாகக் கட்டிக்கொண்டு முதல் நாளே போவார்கள். மூங்கில் எதில் இடிக்கிறதோ அதைத் தூக்க வேண்டும், அல்லது கழற்ற வேண்டும். சினிமா பேனர் இடித்தது. ஜவுளிக்கடைப் பந்தல் இடித்தது. வேப்பமரக் கிளை ஒன்று இடிக்க, அதை வெட்ட ஆள் போனால், அது சாமி இருக்கிற மரம் என்று நாலு பேர் வந்து நின்றார்கள். விடிகாலையில் ஆள் நடமாட்டம் இருக்காது, அப்போது போ என்றது போலீஸ். விடிகாலையில்தான் நெசவாளிகள் தெரு நீளத்துக்குப் பாவு நீட்டிக் கஞ்சி போடுவார்கள். நூலை மிதித்துக்கொண்டு போக முடியுமா? அவர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டு, ஒரு நாள் மட்டும் பாவைத் தள்ளிவைக்கச் சொன்னார். எல்லா ஆபீஸையும் விட அவர்கள்தான் சுருக்கச் சம்மதித்தார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கடைசியில் பங்குனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமைக்கு எல்லா அனுமதியும் ஒன்றாகக் கூடி வந்தது. அன்று சாயங்காலம் நாலு மணி வரைதான் கம்பியில் கரண்டை நிறுத்தி வைப்பார்கள். ஒரு நாளைத் தவறவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து.

அன்று காலை லோடு அருப்புக்கோட்டையைத் தாண்டியது. இழுக்கிற எஞ்சின் வண்டி முன்னால். அதைப் புல்லர் என்பார்கள். சுமக்கிற டிரெய்லர் பின்னால், வரிசை வரிசையாகச் சக்கரங்களோடு. அதன்மேல் டிரான்ஸ்பார்மர், கோயில் யானையைப் படுக்கப் போட்டது மாதிரி. டிரைவர் சோலைச்சாமி கண்ணிமைக்காமல் ஓட்டினார். சங்கையா முன்னால் நடந்தே போனார். ஒரு கம்பி உரசவில்லை, ஒரு ஓடு விழவில்லை. மத்தியானத்துக்கு முன்பே திருச்சுழி ரோட்டில் வேலாங்கரிசல்பட்டிக்கு வந்துவிட்டார்கள். அங்கே சின்னப் பாலம் ஒன்று. அதன்மேல் ரயில் கட்டைகளை அடுக்கித்தான் தாண்ட வேண்டும் என்பதால் வண்டி நின்றது.

வேலாங்கரிசல்பட்டி, பொன்னுத்தாய் பிறந்த ஊர். அவள் அண்ணன் வெள்ளத்துரைதான் அங்கே அம்மன் கோயில் பூசாரி. அன்றைக்குப் பார்த்து அங்கே பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டு. மஞ்சள் கயிற்றில் வேப்பிலையும் மஞ்சள் கிழங்கும் முடிந்து கட்டுவார்கள். கட்டிவிட்டால் எட்டாம் நாள் காப்பு அவிழ்க்கும்வரை பகலில் எங்கே போனாலும் ராத்தங்கல் ஊருக்குள்தான். மனுசனுக்கு மட்டுமில்லை, அந்த ஊரில் உழவு மாட்டுக்கும் டிராக்டருக்கும்கூடக் கட்டுவார்கள். இதெல்லாம் சங்கையாவுக்குத் தெரியாததா? பெண்ணெடுத்த ஊர். எத்தனை பொங்கலுக்குக் கறிசோறு தின்றிருப்பார்.

ஆனால் அன்றைக்கு அவர் சந்தோசத்தில் இருந்தார். இத்தனை மாதத்தில் முதல் சந்தோசம். வெள்ளத்துரை தாம்பாளத்தோடு ரோட்டோரம் வந்ததைப் பார்த்ததும், பாலம் தாண்டுமுன் சிதறுகாய் போடுகிற அதே பழக்கத்தில் வாய் முந்திக்கொண்டது.

"மச்சான், நம்ம வண்டிக்கும் ஒண்ணு கட்டிவிடுங்க. ஆத்தா கூட வரட்டும்."

வெள்ளத்துரைக்கு மனசு குளிர்ந்துவிட்டது. இவ்வளவு பெரிய வண்டிக்கு அந்த ஊரில் யாரும் காப்புக் கட்டியதில்லை. புல்லரின் முன் பம்பரில் சந்தனம் தடவி, கயிற்றை மூன்று சுற்றுச் சுற்றி முடி போட்டார். பெண்கள் குலவை போட்டார்கள். சங்கையா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ரெண்டு மணிக்குக் கட்டை அடுக்கி முடிந்தது. சோலைச்சாமி வண்டியைக் கிளப்பினார். ஊர் நாட்டாமை செல்லப்பாண்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு நடுவே வந்தார்.

"மாப்ள, வண்டி எங்க போகுது?"

"திருச்சுழிக்கு மாமா."

"ராத்திரிக்குத் திரும்பிருமா?"

சங்கையாவுக்கு அப்போதுதான் உறைத்தது. திருச்சுழி போய்ச் சேர ரெண்டு மணி நேரம். அங்கே டிரான்ஸ்பார்மரைக் கட்டைமேல் நகர்த்தி இறக்க ரெண்டு நாள். லோடு இறங்காமல் வண்டி எப்படித் திரும்பும்?

"மாமா, அது சும்மா ஒரு நேந்துக்கிட்டது மாதிரி கட்டுனது."

"சும்மா கட்டுறதுக்கு அது என்ன பொட்டணம் கட்டுற சணலா? நீங்களே கேட்டதாலதான கட்டுனாக. காப்புக் கட்டுன பொருள் வெளிய தங்குனா ஊருக்கு ஆகாது. போன தடவ ஒருத்தன் மீறிப் போயி, அந்த வருசம் மழையே இல்ல."

அந்தச் சீமையில் எந்த வருசம் மழை பெய்தது என்று கேட்கச் சங்கையாவுக்கு நாக்கு வரை வந்தது. மாமனார் ஊர். மாப்பிள்ளை வாய் நீண்டால் பெண்டாட்டி பிறந்த வீட்டு வாசலை மிதிக்க முடியாது. அவிழ்த்துவிடுங்கள் மச்சான் என்று கெஞ்சினார். வெள்ளத்துரை அழாத குறையாக, "கட்டத்தான் எனக்கு உரிமை மாப்ள, இடையில அவுக்க ஆத்தாளுக்கே உரிமை இல்ல" என்றார். ஊர் ஆண்கள் ரோட்டில் வரிசையாக உட்கார்ந்தார்கள். சண்டை போடவில்லை. வெற்றிலை போட்டார்கள். வேறு புல்லர் வேண்டுமானால் மதுரையிலிருந்துதான் வரவேண்டும். போலீஸ்காரர் ஒருவர் கூட வந்திருந்தார். அவர் பொங்கல் விசயத்தில் நான் வரமாட்டேன் என்று புளியமரத்து நிழலுக்குப் போய்விட்டார்.

நாலு மணிக்குக் கம்பியில் கரண்டு வந்தது. லோடோடு கூட வந்திருந்த லைன் என்ஜினீயர் ஜெயக்குமார் ஜீப்பில் ஏறிக்கொண்டே, "இத்தனை ஆபீஸ்ல வாங்குனீங்களே, இங்க எதுக்குய்யா போய்ப் புதுசா ஒண்ணு மாட்டிக்கிட்டீங்க?" என்றார்.

மறுநாள் காலை பஸ்ஸில் பொன்னுத்தாய் பொங்கலுக்கு வந்து இறங்கினாள். ரோட்டோரம் நின்ற லோடைப் பார்த்தாள். அதன் நிழலில் உட்கார்ந்திருந்த புருசனைப் பார்த்தாள். நடந்ததையெல்லாம் கேட்டாள். பிறகு முன்னால் போய்க் கயிற்றைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வந்தாள்.

"ஏங்க, காப்பு முன்னாடி வண்டியிலதான கட்டிருக்கு?"

"ஆமா."

"இதுவும் பின்னாடி உள்ளதும் ஒண்ணா, தனியா?"

"தனிதான். மாட்டிக் கழட்டலாம்."

"அப்ப, இழுக்குற இது மாடு, பின்னாடி உள்ளது வண்டி. மாட்டுக்குத்தான காப்பு? வண்டிக்கு இல்லியே. இழுத்துக் கொண்டுபோய் அங்க விட்டுட்டு, மாட்ட மட்டும் அவுத்து ராத்திரிக்கு ஓட்டியாந்துருக்கலாமே. எங்கண்ணன் தெனம் காட்டுக்குப் போயிட்டு அப்படித்தான வருது."

சங்கையா பூசாரியைப் பார்த்தார். பூசாரி நாட்டாமையைப் பார்த்தார். செல்லப்பாண்டி தாடையைச் சொறிந்துகொண்டு, "அப்படின்னா தாராளமாப் போயிருக்கலாம். யாரும் கேக்கலியே" என்றார்.

கேட்கவில்லைதான். ஆபீஸில் கேட்டுக் கேட்டு வாய் வலித்த மனுசன், இங்கே முடியாது என்று ஒருவர் சொன்னதும், பழகிய பழக்கத்தில் அப்படியே வாயை மூடிக்கொண்டார். அதை நினைத்து அவர் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் புளியமரம் வரை கேட்டது.

எட்டாம் நாள் சொன்னபடி காப்பு அவிழ்ந்தது. ஆத்தா கணக்கு அதோடு முடிந்தது. மற்றவர்கள் கணக்கு முடியவில்லை. பரீட்சைக் காலம், கரண்டை நிறுத்த முடியாது என்றார்கள். பிறகு சித்திரைத் திருவிழாவுக்குப் போலீஸ் போய்விட்டது. பிறகு ஜெயக்குமாருக்கு மாற்றல் வந்தது. புதிதாக வந்தவர் முதலிலிருந்து எழுதிக் கொடுக்கச் சொன்னார். ராஜகுரு போனில் வைத வசவைச் சங்கையா ரிசீவரைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு கேட்டார். டிரான்ஸ்பார்மர் ரோட்டோரம் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நின்றது. அதன் நிழலில் ஆடுகள் அசைபோட்டன. ஒவ்வொரு தடவை பஸ்ஸில் அந்த வழியாகப் போகும்போதும் சங்கையா எதிர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்.

பொன்னுத்தாய் குடத்தில் மொண்டு ஊற்றிப் பார்த்தாள். ஒண்ணரை ஏக்கருக்குக் குடத்தில் எவ்வளவு ஊற்றுவது? வைகாசியில் செடி கருகிவிட்டது.

ஆடி பிறந்து, டிரான்ஸ்பார்மர் ஒரு வழியாகப் போய் உட்கார்ந்து, ஒரு நாள் சாயங்காலம் ஊருக்குள் புதுக் கரண்டு வந்தது. சங்கையா வீட்டுக்குள் நுழைந்தபோது குண்டு பல்பு கண் கூசுகிற மாதிரி எரிந்தது. சுவரில் இருந்த அழுக்கெல்லாம் தெரிந்தது. பொன்னுத்தாய் அடுப்படியில் சோறு பொங்கிக்கொண்டிருந்தாள். அடுப்பில் எரிந்தது பருத்திமார். வயலில் காய்ந்த செடியைப் பிடுங்கிக் கட்டுக் கட்டாகக் கொல்லையில் அடுக்கியிருந்தாள். மழைக்காலம் முடியும்வரை விறகுக்குப் பஞ்சமில்லை.

அவர் நின்றுகொண்டே இருந்தார். அவள் இன்னும் நாலு மாரை ஒடித்து அடுப்பில் வைத்தாள்.

"வெளிச்சம் நல்லாத்தான் இருக்கு" என்றாள். "உக்காருங்க, சாப்புடலாம்."