அடைப்புக்குறிக்குள் இங்கிலீஷ்

1. ஆள் இல்லாத பீரியட்

நான் கணக்கு வாத்தியார். உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகும் டவுன் பஸ்ஸில் ஏறி, நடுவழியில் இறங்கினால் வரும் ஓர் அரசுப் பள்ளியில் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தேன். கடைசி வருஷம் எங்கள் இங்கிலீஷ் டீச்சர் பிரசவ லீவில் போனார். மாற்று ஆள் வரவில்லை. ஹெச்.எம். அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"சார், ஒம்பதாவதுல இங்கிலீஷ் பீரியட்ல பசங்க சும்மா உக்காந்துகினு கீதுங்க. நீங்க பாத்துக்கங்க."

"மேடம், நான் கணக்கு..."

"பேஜார் பண்ணாதீங்க சார். டிகிரி முடிச்சவருக்கு இங்கிலீஷ் தெரியாதா இன்னா?"

தெரியாது. காலேஜில் இங்கிலீஷ் பேப்பரை மூன்று முறை எழுதித்தான் பாஸ் செய்தேன். என் மனைவிக்குக்கூடச் சொல்லாத ரகசியம் அது. 'சாருக்குத் தெரியாதது எதுவும் இல்லை' என்று முப்பது வருஷமாகப் பேர் வாங்கியவன், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் முன்னால் மாட்டிக்கொண்டால் மானம் என்ன ஆவது? அதைச் சொல்லவும் வெட்கம். தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

2. எக்ஸ் வந்த விதம்

முதல் பாடமே நவுன் கிளாஸ் (noun clause). புத்தகத்தில் இருந்த விளக்கத்தை மனப்பாடம் செய்து ஒப்பித்தேன். "புரிஞ்சுதா?" என்றதும் "புரிஞ்சுது சார்" என்று ஒரே குரலில் பதில் வந்தது. எனக்கே புரியாதது இவர்களுக்கு எப்படிப் புரிந்தது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

பஸ்ஸில் இயர்போனை மாட்டிக்கொண்டு யூடியூபில் தேடினேன். ஒருவர் ஐந்து வகை என்றார், இன்னொருவர் எட்டு என்றார். இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போனதுதான் மிச்சம்.

மறுநாள் போர்டில் "I know that the bus is late" என்று எழுதினேன். அடுத்து என்ன சொல்வதென்று தெரியாமல் விழித்தபோது, என் கை பழக்க தோஷத்தில் know-க்குப் பிறகு இருந்த அத்தனைக்கும் ஓர் அடைப்புக்குறி போட்டது. அடைப்புக்குறி வந்துவிட்டால் அப்புறம் எக்ஸ்தானே? "இதை எக்ஸ்னு வச்சுக்குவோம்" என்றேன்.

I know x. எனக்கு அது தெரியும். உள்ளே எத்தனை வார்த்தை இருந்தாலும், எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு பெயர்ச்சொல்லின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. நவுன் கிளாஸ் என்பது இவ்வளவுதான்! சாக்பீஸும் கையுமாக நானே சிரித்துவிட்டேன். இன்க்ரிமென்ட் வந்தபோதுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

3. ஆய்வு

அடுத்த வாரம் ஆய்வுக்கு வந்த அதிகாரி நேராக ஒன்பதாம் வகுப்புக்குள் நுழைந்தார். கடைசி பெஞ்சில் இருந்த தேவகியை எழுப்பி, "நவுன் கிளாஸ்னா என்னம்மா?" என்றார்.

"எக்ஸ், மேடம்."

"என்னது?"

"பிராக்கெட்டுக்குள்ள கீற எக்ஸ், மேடம்."

ஹெச்.எம். அம்மா மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தார். "யார் இப்படிச் சொல்லிக் கொடுத்தது?" என்று அதிகாரி திரும்பினார்.

'பொண்ணு ஏதோ உளறுது மேடம்' என்று சொன்னால் நான் தப்பித்துவிடலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தேவகி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் மேடம். கணக்கு வாத்தியார். எனக்கு இங்கிலீஷ் சரியா வராது. எனக்குத் தெரிஞ்ச வழியில சொல்லிக் கொடுத்தேன்."

அதிகாரி போர்டில் "The bus that came late is full" என்று எழுதி, that came late என்பதன் அடியில் கோடு போட்டார். "இது நவுன் கிளாஸா?"

that இருக்கிறதே, ஆமாம் என்று நான் மனதுக்குள் முடிவே கட்டிவிட்டேன். தேவகி போர்டுக்கு வந்து அடைப்புக்குறி போட்டாள். எக்ஸ் எழுதினாள். யோசித்தாள். அழித்தாள்.

"இல்ல மேடம். எக்ஸ் போட்டா 'பஸ்ஸு அது ரொம்பிப் போச்சு'ன்னு வருது. ஒட்டல. எந்த பஸ்ஸுன்னுதான் இது சொல்லுது."

"கரெக்ட்!" என்றார் அதிகாரி. போகும்போது தன் நோட்டிலும் அந்த எக்ஸைக் குறித்துக்கொண்டார்.

4. அவர் போன பிறகு

"சார், மெய்யாலுமே ஒங்களுக்கு இங்கிலீஷ் வராதா?" என்று கேட்டாள் தேவகி.

"வராதும்மா."

"மொதல்லயே சொல்லக் கூடாதா சார்? ஒங்களுக்கு எல்லாம் தெரியும்னு பயந்துகினு, புரியலன்னாலும் புரிஞ்சுதுன்னு சொல்லிகினு இருந்தோம். கணக்குலகூட."

கணக்கிலுமா! சுருக்கென்று குத்தியது. என் பாடம் அது. "கணக்குல யாருக்கெல்லாம் புரியல?" என்றேன். நான் எண்ண வேண்டிய வேலையே இல்லை. வகுப்பு மொத்தமும் கை தூக்கியது. வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது. அன்றைக்கே கணக்குப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து திருப்பினோம்.

புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியர்களுக்கு என் அனுபவத்தில் சொல்வது ஒன்றுதான். தெரியாததைத் தெரியாது என்று பிள்ளைகளிடம் முதல் வாரமே சொல்லிவிடுங்கள். அதற்கு அப்புறம்தான் அவர்களும் தங்களுக்குப் புரியாததை உங்களிடம் சொல்வார்கள். எனக்கு அது ஓய்வு பெறுகிற வருஷத்தில்தான் நடந்தது.