மீசை மாப்பிள்ளையின் மீதிக் கதை

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் புத்தூர் வீட்டுக்கு மதராஸிலிருந்து ஒருவர் வந்தார். எதற்கு? என்னிடம் இருக்கும் பன்னிரண்டு பக்கப் பாட்டுப் புத்தகம் ஒன்றைப் பார்க்க!

சினிமாப் பாட்டுப் புத்தகம் சேர்க்கிற பைத்தியம் நான் என்பது உங்களுக்குத் தெரியும். அதில் என் கர்வமே ‘மீசை மாப்பிள்ளை’தான். டாக்கி வந்த புதிதில், முப்பது வருஷத்துக்கு முன்னால் எடுத்த சிரிப்புப் படம். பிரிண்ட் எங்கேயும் இல்லை. புத்தகமும், எனக்குத் தெரிந்தவரை, என்னிடம் மட்டும்தான். பீரோவில் பூட்டி வைத்திருக்கிறேன்.

வந்தவரும் என் ஜாதிப் பைத்தியம்தான். கையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் புத்தகத்தைத் தொட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை! கதைச் சுருக்கத்தை உரக்கப் படித்தார். முகூர்த்த நேரத்தில் மாப்பிள்ளையின் ஒட்டு மீசை கழன்று விழுகிறது. அப்புறம்? எல்லாப் பாட்டுப் புத்தகத்திலும் போடுவதுபோல — ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க.’

“படமே இல்லையே சார்... முடிவைத் தெரிஞ்சுக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். உங்களுக்காவது தெரியுமா?”

எனக்கா? பதினைந்து வருஷமாக எனக்கும் அதே ஏக்கம்தான். தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. உதட்டைப் பிதுக்கினேன்.

காபி கொண்டுவந்த என் மனைவி ருக்மணி டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னாள்: “பொண்ணு அந்த மீசையை எடுத்துத் தானே ஒட்டிக்குவா. ‘இப்ப நான்தான் மாப்பிள்ளை, குனி, தாலி கட்டறேன்’னு பாடுவா. ஐயரும் சேர்ந்து ஆடுவார்!”

இரண்டு பேரும் வாயைப் பிளந்தோம்.

“உங்களுக்கு எப்படிம்மா...?”

“ஸ்ரீரங்கம் டாக்கீஸ் கொட்டகையில எங்கப்பாதானே படம் ஓட்டற ஆயில் எஞ்சினைப் பார்த்துக்கிட்டாரு? ஒன்பது தடவை பார்த்தேங்க.”

அதோடு விட்டாளா? மூக்குக்குக் கீழே விரலை மீசையாக வைத்துக்கொண்டு முழுப் பாட்டையும் பாடினாள். மதராஸ்காரர் மடமடவென்று எழுதிக்கொண்டார். மேஜையில் கிடந்த என் புத்தகத்தை யாரும் சீந்தவில்லை. எனக்கோ நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அந்த முடிவைச் சொல்ல ஒருத்தி இருக்கிறாள் — அவள் என் வீட்டுக்காரி!

கிளம்பும்போது அவர் கேட்டார்: “இத்தனை வருஷமா சார்கிட்ட ஏம்மா சொல்லலே?”

“இவர் எங்கேங்க கேட்டார்? ‘புத்தகத்தைத் தொடாதே, மடங்கிடும்’னுதான் சொல்வார்.”

பீரோ சாவி இப்போது அவள் இடுப்பில் இருக்கிறது.